மெதுவாகத் தோற்ற குன்வோர்

குன்வோர் சூதாட்டத்தில் விழுந்துவிட்டாள் என்று தியெர்ப் ஊர் முழுக்கப் பேச்சு. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரிக்குள் அவள் நுழைந்தால், வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பனியைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். "செவ்வாய்க்கிழமை ஆனா போதும், கப்பலேறிடறா. வாங்குற பென்ஷன் மொத்தமும் சீட்டு மேஜையிலதான்" என்று அவள் காதில் விழாத தூரத்தில் சொல்வார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

உண்மையில் ஊரிலேயே மோசமான சூதாடி குன்வோர்தான். அவளுக்கு ஜெயிக்கும் ஆசை கிடையாது. தோற்கும் ஆசையும் கிடையாது. தோற்றால் எழுந்துபோக வேண்டியிருக்குமே என்ற கவலை மட்டும் உண்டு. அதனால் கையிலிருக்கும் பணத்தை எவ்வளவு மெதுவாகத் தோற்க முடியுமோ அவ்வளவு மெதுவாகத் தோற்பாள். அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. ஏனென்றால் மேஜைக்கு அந்தப் பக்கம் ரோலண்ட் நின்று சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

அறுபத்தேழு வயதில் காதலா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இருபதில் வந்தது மட்டும் என்ன வாழ்ந்தது? குன்வோருக்கு இருபதில் வந்ததன் பெயர் ஆல்ஃப். புல்வெட்டும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தான், பேச்சு சர்க்கரையாக இருந்தது. அவள் அப்போதே பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தாள். தியெர்ப்பில் இன்று நடமாடுகிற உடம்புகளில் பாதி அவள் உருட்டிய இறைச்சி உருண்டைகளில் வளர்ந்தவை. வியாழக்கிழமை பட்டாணி சூப், பிறகு பான்கேக். நானூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் "கையைக் கழுவிட்டு வா!" என்று கத்திக் கத்தி அவள் குரல் அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. இரகசியம் பேசுவது என்பது அவளுக்குக் கடைசிவரை கைவரவில்லை.

ஆல்ஃப் ஒரு நாள் புல்வெட்டும் இயந்திரம் வாங்க வந்த ஒரு விதவையோடு கிளம்பிப் போனான். போகும்போது நல்ல சோபாவையும் மீன்பிடி படகையும் நாயையும் எடுத்துப்போனான். அவனுடைய அக்கா மாய்-ப்ரிட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனான். மாய்-ப்ரிட், தம்பியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, குன்வோரின் எதிர்வீட்டுக்கே குடிவந்துவிட்டாள். நாத்தனாரால் உடைந்த குடும்பங்கள் உலகத்தில் உண்டு. புருஷன் போய் நாத்தனார் மட்டும் மிஞ்சிய குடும்பம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அந்த மாய்-ப்ரிட்தான் குன்வோரை முதன்முதலில் கப்பலுக்கு இழுத்துப்போனாள். கப்பலின் பெயர் ப்ளோசிப்பா. வசந்தத்தில் காட்டோரம் பூக்கிற நீலப் பூவின் பெயர். கப்பலிடம் பூவின் சாயல் எதுவும் கிடையாது, பெயின்ட் பாதி துரு பாதி. கிரிஸ்லேஹாம்ன் துறைமுகத்தில் காலையில் கிளம்பும், இரண்டு மணி நேரத்தில் ஓலாண்ட் தீவைத் தொடும், தொட்ட கையோடு திரும்பும். தீவில் யாரும் இறங்குவதில்லை. வரியில்லாத பீர் கப்பலுக்குள் இருக்கும்போது எதற்காக இறங்க வேண்டும்? ஊர்ப் பஸ்ஸையும் சேர்த்து டிக்கெட் விலை, பேக்கரியில் ஒரு காப்பியும் இலவங்கப்பட்டை பன்னும் சாப்பிடுகிற காசுதான். மீதியைப் பயணிகள் உள்ளே வந்து அழுவார்கள் என்று கம்பெனிக்குத் தெரியும். பயணிகளும் மனம் கோணாமல் அழுவார்கள். மாய்-ப்ரிட், காசு போட்டால் செர்ரிப்பழம் சுழலும் மெஷினிடம் அழுவாள்.

முதல் நாள் குன்வோர் புதுச் செருப்பு போட்டிருந்தாள். குதிகால் உரிந்துவிட்டது. கையில் இறால் சான்ட்விச்சோடு உட்கார இடம் தேடியபோது காலியாக இருந்தது ஒரே ஒரு உயரமான நாற்காலி. அதில் ஏறி உட்கார்ந்து, முன்னால் இருந்த பச்சைத் துணி விரித்த மேஜையில் சான்ட்விச்சை வைத்தாள்.

"மன்னிக்கணும். சாப்பாட்டை மேஜை மேல வைக்கக் கூடாது" என்றார் எதிரில் நின்றவர். நரைத்த மீசை, கறுப்பு அரைக்கோட்டு, சலவை செய்த குரல்.

"அப்ப எது வைக்கலாம்?"

"பணம் வைக்கலாம்."

அவள் சிரித்துவிட்டு ஒரு நோட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "கையில குடுக்கக் கூடாது. மேஜை மேல வைங்க" என்றார். வைத்தாள். எடுத்து டோக்கன்களாக மாற்றி அவள் முன்னால் தள்ளிவிட்டுக் கையை உடனே எடுத்துக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்த்ததும் குன்வோருக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. பொய் சொல்லவே முடியாத கைகள் என்று அவளுக்குத் தோன்றியது. சர்க்கரைப் பேச்சுக்கு முப்பது வருஷம் வாழ்க்கைப்பட்டவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அதன்பிறகு நாலு வருஷம் செவ்வாய்தோறும் அதே நாற்காலி. ஆட்டம் இருபத்தொன்று. சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்குள் இருக்க வேண்டும், தாண்டினால் போச்சு. குன்வோர் மேஜையின் மிகச் சின்னப் பந்தயத்தைக் கட்டிவிட்டு, மகள் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவள் மாதிரி யோசிப்பாள். பக்கத்தில் உட்காரும் சஸ்பெண்டர் போட்ட கடமான் வேட்டைக்காரர் பெருமூச்சு விட்டே இளைத்துப்போனார். தெரிந்த விதியையே மறுபடி கேட்பாள், ரோலண்ட் பொறுமையாக மறுபடி சொல்வார். அதைத் தவிர அவர் பேசியதெல்லாம் "சீட்டு வேணுமா?", "போதுமா?", "பந்தயம் கட்டலாம்." வேறு ஒரு வார்த்தை கிடையாது. போதும் என்று அவளும் சொல்லிக்கொண்டாள். போதவில்லை என்பது மாய்-ப்ரிட்டுக்கு மட்டும் தெரியும்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மாய்-ப்ரிட் ஆரம்பித்தாள்.

"ஏண்டி, உனக்கு விஷயம் தெரியுமா? உன் ஆளு போறானாம்."

"எங்க?"

"கோத்தன்பர்க். இதே கம்பெனியில டென்மார்க் போற கப்பல் இருக்கில்ல, அதுக்கு. வர்ற வெள்ளியோட இங்க வேலை முடிஞ்சுதாம். கப்பல்ல சென்ட் விக்கிற பொண்ணு போன்ல சொன்னா."

கோத்தன்பர்க் நாட்டின் மறுகரையில் இருக்கிறது. குன்வோர் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை.

"அவர் போனா எனக்கென்ன அக்கா? நாங்க ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அதுதாண்டி சொல்றேன். பல் டாக்டர்கிட்ட முப்பது வருஷம் உதவிக்கு நின்னவ நான். வாயைத் திறக்காம வலி போயிருச்சுன்னு எவளும் வீட்டுக்குப் போனதில்ல. இன்னைக்கு நீ கேக்கற. இல்லேன்னா நான் கேப்பேன்."

"நீங்க என்னன்னு கேப்பீங்க?"

"என் தம்பி எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான், நல்ல பொருள் ஒண்ணை மறந்து வச்சுட்டான், எடுத்துக்கறயான்னு கேப்பேன்."

முன்சீட்டுக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க முன்னாடி பாருங்க!" என்றாள் மாய்-ப்ரிட். அவர் பார்த்தார்.

கப்பல் கிளம்பி, பனிக்கட்டிகள் அடிவயிற்றில் தட்டத் தட்ட நகர்ந்தது. சீட்டு மேஜையைச் சுற்றிப் பித்தளைக் கம்பி ஓடும். குன்வோர் அதைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியில் ஏறினாள். பந்தயம் கட்டினாள். அவளுக்குப் பத்தும் இரண்டும் விழுந்தது, பன்னிரண்டு.

"சீட்டு வேணுமா?" என்றார் ரோலண்ட்.

"காப்பி வேணும்" என்றாள் குன்வோர்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். மெஷின்களின் பக்கம் இருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். சொல்லியாகிவிட்டது, இனிப் பாதியில் நிறுத்துவது எப்படி?

"உங்ககூட. மேல கேன்டீன்ல. இன்னைக்கு."

ரோலண்டின் முகம் காதுவரை சிவந்தது. கண் ஒருமுறை கூரைக்குப் போனது. அங்கே மேஜையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் காமிரா. பிறகு அதே சலவைக் குரலில் சொன்னார்: "மன்னிக்கணும். மேஜையில விளையாடுறவங்களோட காப்பி குடிக்க எங்களுக்கு அனுமதி இல்ல." மூச்சு வாங்கி, "சீட்டு வேணுமா?"

"வேணாம்."

பன்னிரண்டை வைத்துக்கொண்டு சீட்டு வேண்டாம் என்று சொல்பவள் தோற்க வேண்டும். ஆனால் ரோலண்டின் சீட்டுகள் இருபத்தாறுக்குப் போய், குன்வோர் ஜெயித்துத் தொலைத்தாள். அவர் தள்ளிவைத்த டோக்கன்களை வாரிக்கொண்டு, "நன்றி" என்று மேஜைக்குச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள். மானம் போனபிறகு கையில் காசு வேறு.

மாய்-ப்ரிட் அவளைச் சாப்பாட்டுக் கூடத்தில் கண்டுபிடித்தாள். குன்வோர் தட்டில் ஊறுகாய் மீனும் உருளைக்கிழங்கும் அதற்கு மேல் வனிலா குழம்பு ஊற்றிய ஆப்பிள் கேக்கும் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி இது, மாட்டுத்தொட்டி மாதிரி? கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"முடியாதுன்னுட்டார்."

"முடியாதுன்னா? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

"விளையாடுறவங்களோட காப்பி குடிக்க அனுமதி இல்லையாம். போதுமா? இன்னும் ஒருதரம் சொல்லணுமா?"

மாய்-ப்ரிட் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப பிடிக்கலேன்னு சொல்லல."

"என்ன?"

"மனசில்லேன்னு சொல்லல. கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லல. தலைவலின்னு சொல்லல. நீ விளையாடுறதுதான் தடைன்னு சொல்லியிருக்கான். நாலு வருஷமா நீ அந்த மேஜையில உட்கார்ந்து, காசு கட்டி, அவன் உங்கிட்ட வர்ற வழியை அடைச்சுக்கிட்டு இருக்கடி!"

குன்வோர் வாயிலிருந்த மீனை விழுங்க மறந்தாள். அவள் அந்த நாற்காலியில் இருக்கும்வரை அவர் வாய் திறக்க முடியாது. வாய் திறக்கவில்லையே என்று அவளும் அடுத்த செவ்வாய் மறுபடி நாற்காலியில் ஏறினாள். இப்படி ஒரு முட்டாள்தனத்தைக் காசு கொடுத்து யாராவது செய்வார்களா? நாலு வருஷம் செய்திருக்கிறாள். அவளுக்கு முதலில் அழுகை வந்தது, அது தொண்டையைத் தாண்டுவதற்குள் சிரிப்பாக மாறிவிட்டது. தட்டை அப்படியே விட்டுவிட்டு, ஆடுகிற கப்பலில் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். முதல் நாள் மாதிரி குதிகால் உரியுமே என்றுகூட நினைக்கவில்லை.

பித்தளைக் கம்பியின் வாசலில் அன்னெலி நின்றிருந்தாள். மேஜைகளுக்கெல்லாம் மேற்பார்வை அவள்தான். முகத்தில் எதையும் காட்டாமல் சம்பளம் வாங்குபவள்.

"என்னை நிறுத்திடுங்க" என்றாள் குன்வோர் மூச்சிரைக்க. "சூதாட்டத்தை விடறவங்க சொன்னா, அப்புறம் உள்ளயே விடமாட்டீங்களாமே. என்னை அதுல சேர்த்துடுங்க."

"ஒரு தடவை சேர்த்துட்டா திரும்ப எடுக்க முடியாது. எங்க கம்பெனியோட எந்தக் கப்பல்லயும் மேஜையில உட்கார முடியாது" என்றாள் அன்னெலி. "கேக்கறது என் கடமை. விளையாட்டால வீட்ல பிரச்சினையா?"

"இல்ல. விளையாட்டால காப்பி கிடைக்கல."

அன்னெலியின் முகம் ஒரு நொடி சம்பளத்தை மறந்தது. "இது தோண உங்களுக்கு நாலு வருஷம் ஆச்சா? கப்பல் சமையல்கட்டுல எல்லாரும் நம்பிக்கையே விட்டுட்டாங்க."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமே!"

"ஆட வர்றவங்ககிட்ட ஆடாதீங்கன்னு சொன்னா எனக்கு வேலை போகும். அவர் சொல்லியிருந்தா, வாடிக்கையாளர்கிட்ட சொந்த விஷயம் பேசினார்னு அவருக்கு வேலை போகும். மத்தபடி எங்களுக்கென்ன, சொல்றதுக்கு ஆசை இல்லையா?" என்றபடியே கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். "முடிஞ்சுது. இனிமே இந்தக் கம்பியைத் தாண்டி நீங்க வரக் கூடாது."

குன்வோர் அப்போதுதான் அதை யோசித்தாள். ரோலண்ட் இருந்தது கம்பிக்கு உள்ளே. இவள் கம்பிக்கு வெளியே. நடுவே பதினைந்தடி கம்பளம். காலையில் அவர் எதிரில் உட்காரவாவது முடிந்தது, இப்போது அதுவும் போயிற்று. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று பதறினாள். ரோலண்ட் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவள் வெளியே நிற்பதைப் பார்த்து, கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தவர் போல முகம் தொங்கிப்போய்க் குனிந்துகொண்டார். அவள் கையாட்டியதைப் பார்க்கவில்லை.

"தள்ளுடி" என்று ஒரு குரல் கேட்டது. மாய்-ப்ரிட், வாழ்க்கையில் சீட்டையே தொடாதவள், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கம்பியைத் தாண்டி உள்ளே போனாள். குன்வோரின் நாற்காலியில் ஏறி ஒரு நோட்டை மேஜையில் வைத்தாள். சீட்டு விழுந்தது. சீட்டைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ சொல்வது போலச் சொன்னாள்:

"என் தம்பி பொண்டாட்டி இனிமே சீட்டாட மாட்டா. இப்பத்தான் பேரை எழுதிட்டு வந்தா. இந்தக் கப்பல்ல அவ இப்ப வெறும் பிரயாணி. யாரு வேணும்னாலும் அவளோட காப்பி குடிக்கலாம்."

ரோலண்டின் முன்னால் பதினெட்டு இருந்தது. பதினேழு வந்தாலே சீட்டுப் போடுபவர் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ரோலண்ட் இன்னொரு சீட்டை எடுத்துத் தன் முன்னால் போட்டார். அது மூன்று. சரியாக இருபத்தொன்று.

"ஏய்! ஏய்!" என்று கடமான் வேட்டைக்காரர் நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "பதினெட்டுக்கு மேல எடுத்தாரு! எல்லாரும் பார்த்தீங்கல்ல? என்கிட்ட இருபது இருக்கு!"

ரோலண்ட் அந்த மூன்றைக் குனிந்து பார்த்தார், அதை யார் போட்டது என்று தெரியாதவர் மாதிரி. பிறகு சிரித்தார். அந்த மேஜையில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்னெலி வந்து அந்த ஆட்டத்தை ரத்து செய்து, வேட்டைக்காரருக்கு ஒரு பீருக்குச் சீட்டெழுதி, மாற்று ஆளை மேஜைக்குக் கூப்பிட்டாள்.

"பதினெட்டுக்கு மேல சீட்டெடுத்தவரை இன்னைக்கு நான் மேஜையில நிறுத்த முடியாது" என்றாள் ரோலண்டிடம், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "சாயங்காலப் பயணத்துக்கும் வேண்டாம். வீட்டுக்குப் போங்க."

ரோலண்ட் இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் கூரைக் காமிராவுக்குக் காட்டினார். எதையும் எடுத்துப்போகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் மேஜையை விட்டு விலக வேண்டும். நடந்து வந்து கம்பியைத் தாண்டினார். குன்வோருக்கு முன்னால் வந்து நின்றார்.

அந்த நேரத்தில் பக்கத்திலிருந்த நடனக் களத்தில் பாட்டுக்காரர் பெண்கள் முறை என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு வந்தால் பெண்தான் ஆணைக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் ஆண் மறுக்கக் கூடாது. குன்வோர் கையை நீட்டினாள். இந்த முறை அவர் அதை மேஜை மேல் வைக்கச் சொல்லவில்லை.

சீட்டிலேயே ஊறிய கை சில்லென்று, வறண்டு இருந்தது. அவளுடையது அடுப்படிக் கை, எப்போதும் சூடு. அக்கார்டியன் கிளம்பியது. ரோலண்ட் ஆட்டத்தில் சுமார்தான். கப்பல் சாய்ந்த பக்கமெல்லாம் அவரும் சாய்ந்தார். குன்வோர் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். அறுபத்தேழு வயது இடுப்பு பம்பரமாகச் சுற்றியது. எத்தனையோ வருஷமாகத் தன்னிடம் இருந்த ஏதோ ஒரு கனத்தைக் கரையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது போல இருந்தது அவளுக்கு.

"நீங்க தோக்கணும்னு நான் எவ்வளவு வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" என்றார் ரோலண்ட் திடீரென்று.

"என்னது?"

"தோத்து, வெறுத்து, இனிமே ஆடவே மாட்டேன்னு போயிட மாட்டீங்களான்னு. ஒவ்வொரு செவ்வாயும். ஆனா உங்களை மாதிரி மெதுவா தோக்கற ஆளை நான் பார்த்ததே இல்ல."

"மெதுவா தோத்தது உங்களுக்காகத்தான்யா!" என்றாள் குன்வோர். பாட்டுக்காரர் ஒரு அடியை விட்டுவிட்டார்.

இரண்டு பாட்டு முடிந்தது. இரண்டு பாட்டு ஆடினால் நன்றி சொல்லி ஜோடியை அவரிடத்தில் கொண்டுபோய் விட வேண்டும், அதுதான் முறை. மூன்றாவது ஆடினால் ஊரில் கேள்வி வரும். வரட்டும் என்று இரண்டு பேரும் களத்திலேயே நின்றார்கள்.

"கோத்தன்பர்குக்கு ஏன் போறீங்க?" என்று அவள் அப்போது கேட்டாள்.

ரோலண்ட் தரையைப் பார்த்தார். "நான்தான் கேட்டு வாங்கினேன். அங்க போயிட்டா நீங்க என் மேஜைக்காரங்க இல்ல. வெள்ளிக்கிழமை இங்க முடிச்சுட்டு, சனிக்கிழமை காலையில தியெர்ப்புக்கு ரயிலேறி உங்க கதவைத் தட்டலாம்னு இருந்தேன்."

குன்வோர் நின்றுவிட்டாள். பின்னால் ஆடி வந்த ஜோடி அவள்மேல் மோதியது.

"வர்ற சனிக்கிழமையா?"

"வர்ற சனிக்கிழமை."

"அப்ப இன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு வீட்ல உட்கார்ந்திருந்தாக்கூட..."

"வந்திருப்பேன்."

"நீங்க எனக்காக வேலையை மாத்திக்கிட்டீங்க. நான் உங்களுக்காக ஆட்டத்தை விட்டுட்டேன். இதுல ஏதாவது ஒண்ணு போதுமே!"

"போதும்தான்" என்று ஒத்துக்கொண்டார் ரோலண்ட். அவ்வளவுதான், குன்வோருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்துவிட்டது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, களத்தின் நடுவே நின்று சிரித்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா என்று அவரிடம் சொன்னாள், பக்கத்தில் ஆடியவர்களிடமும் சொன்னாள், தாளம் அடிப்பவரிடமும் சொன்னாள்.

மூன்று மணிக்குக் கரை வந்தது. தியெர்ப் பஸ்ஸில் பீர்ப் பெட்டிகளும் பென்ஷன்காரர்களும் நெருக்கியடித்தபோது கடைசியாக ஏறியவர் ரோலண்ட். மாய்-ப்ரிட் தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். "என் தம்பியும் இப்படித்தான் நல்லவன் மாதிரி வந்து உட்கார்ந்தான். ஒரு கண்ணு உங்க மேல இருக்கும், சொல்லிட்டேன்" என்று அவர் காதருகே சொல்லிவைத்தாள்.

"சரிங்க" என்றார் ரோலண்ட். பிறகு குன்வோர் பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேச ஆரம்பித்தார்.

பஸ் துறைமுகத்தைத் தாண்டும்போது தன் வீட்டு ஜன்னலோரத்தில் வளர்க்கும் தக்காளிச் செடிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று வகை, அதில் மஞ்சள் வகைக்கு மட்டும் என்ன உரம் என்பதுவரை. காட்டுக்குள் நுழையும்போது தன் தங்கை வீட்டுக் குளியலறையில் ஒழுகும் குழாயைப் பற்றி. ஆஸ்துமாவுள்ள பூனை பற்றி. படிக்கட்டுகளைச் சுத்தம் செய்ய முறை வைப்பதில் மேல்வீட்டுக்காரரோடு நடக்கும் சண்டை பற்றி. முப்பத்தோரு வருஷம் மேஜைக்குப் பின்னால் நின்று சேர்த்துவைத்ததெல்லாம் வந்தது. கையை ஆட்டிக்கொண்டு, சொன்னதையே சொல்லி, நடுவில் தானே சிரித்துக்கொண்டு பேசினார். ஒன்றுக்கும் தலையுமில்லை, வாலுமில்லை. பக்கத்துச் சீட்டில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

மாய்-ப்ரிட் முன்னால் சாய்ந்து குன்வோரின் தோளைத் தட்டினாள். "ஏண்டி, இது ஓயாது போலிருக்கே. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல, ஊர் வர்றதுக்குள்ள யோசிச்சுக்கோ."

குன்வோர் திரும்பவில்லை. பூனைக்கு மருந்து கொடுப்பது எப்படி என்று ரோலண்ட் கையால் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே, ஈரமான கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பேசட்டும் அக்கா" என்றாள். "பேசட்டும்."